ரத்தோட்டை ஏற்றத்துக்கு ஒரு பிஸ்டன்

என் மனைவிக்கு டீச்சர் வேலை கிடைத்த சந்தோஷம் ஒரு பகல்தான் இருந்தது. பள்ளிக்கூடம் எங்கே என்று விசாரித்ததும் போய்விட்டது.

நாங்கள் மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரையில் இருந்தோம். பள்ளிக்கூடம் ரத்தோட்டைக்கு மேலே, தேயிலையும் ஏலக்காயும் விளையும் மலையில். ரத்தோட்டை வரைக்கும் பஸ் உண்டு. அங்கிருந்து மேலே ஏறும் பஸ் மத்தியானம்தான் புறப்படும். அது போய்ச் சேரும் நேரம் பள்ளிக்கூடம் விடும் நேரம். வீட்டுக்குத் திரும்பி வர அந்த பஸ் உதவும். போவதற்கு உதவாது. நடந்து ஏறுகிற தூரமும் இல்லை.

அங்கேயே தங்கலாம் என்றால் டீச்சருக்கென்று வீடு இல்லை. யாராவது தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒரு மூலை கொடுப்பார்கள். ஆனால் எங்கள் மகள் அப்போதுதான் நடை பழகியிருந்தாள்.

"புள்ளைய விட்டுட்டு வாரம் முழுக்க அங்க கெடக்க என்னால ஏலாது" என்றாள் மனைவி. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துறவா?" என்று கேட்டாள்.

அவள் பெரிய சோதனை பாஸ் பண்ணியவள். எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இந்த வேலைக்குக் காத்திருந்தவள். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். எழுந்து பின்பக்கம் போய் மோட்டார் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அது ஒரு பழைய இங்கிலாந்து வண்டி. ஒரே ஒரு சிலிண்டர். தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஒருவர் ஓட்டிக் களைத்து எனக்கு விற்றது. சமதரையில் என்னைச் சுமக்கும். பின்னால் இன்னொருவர் உட்கார்ந்தால் சின்ன மேட்டில்கூட முனகும். நீலப் புகை தள்ளும். அதில் இருவர் ரத்தோட்டை மலை ஏறுவதை நினைத்தும் பார்க்க முடியாது.

எஞ்சினைப் பிரித்து, சிலிண்டரைக் குடைந்து, பெரிய பிஸ்டன் போட்டால் ஏறும் என்று தோன்றியது. நான் மாத்தளையில் ஒரு நெல் மில்லில் எஞ்சின் பார்க்கிறவன். எஞ்சின் என்றால் பயம் இல்லை. பிஸ்டனுக்கு எங்கே போவது என்பதுதான் கேள்வி. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம். ஒரு பாண் ரொட்டிக்கே விடியுமுன் வரிசையில் நிற்க வேண்டும். பிஸ்டனுக்கு வரிசைகூட இல்லை.

வேலையில் சேர வேண்டிய நாள் அடுத்த மாதம் முதலாம் தேதி.

பிஸ்டனைக் கொண்டுவந்தவன் என் மனைவியின் தம்பி. பக்கத்து வீடுதான். லொறி ஓட்டுகிறவன். தம்புள்ளைப் பக்கம் வெங்காயமும் மிளகாயும் ஏற்றப் போவான். போகும் வழியில் ஒரு வீட்டு வளவில் நொறுங்கிக் கிடந்த சின்னக் காரைப் பார்த்து வைத்திருந்தான். ஒரு நாள் அதன் பிஸ்டன் ஒன்றைச் சாக்குத் துண்டில் சுற்றி எடுத்து வந்து என் மடியில் வைத்தான்.

"இந்தாங்க மச்சான். இவனோட சேர்த்து நாலு பேர் அண்ணன் தம்பிங்க. மத்த மூணு பேரும் செத்துட்டானுங்க. இவன் ஒருத்தன்தான் உசுரோட இருக்கான். பார்த்துக்குங்க."

"இது கார் பிஸ்டன்" என்றேன்.

"ஆமா. கார்ல இருந்து மோட்டார் சைக்கிளுக்கு எறக்கிட்டீங்கன்னு அவனுக்குக் கோவம் வரும். நல்லா கவனிங்க."

அவன் எப்போதும் இப்படித்தான். வாய் ஓயாது. ஆனால் கேட்டதை மறக்க மாட்டான்.

பிஸ்டனையும் சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு மாத்தளையில் லேத் பட்டறை வைத்திருந்த நானாவிடம் போனேன். அவர் முஸ்லிம்; அண்ணனை நானா என்பார்கள். டவுனில் பாதி எஞ்சின்கள் அவர் கையில் பட்டவைதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சிலிண்டருக்குள் விரலை விட்டுச் சுற்றினார்.

"குடையலாம் தம்பி. ஆனா ஒரு வாட்டிதான். அதுக்குப் பொறகு இதோட சுவர் காயிதம் மாதிரி ஆயிரும். இன்னொரு வாட்டி குடைய ஏலாது. வெளங்குதா?"

"வெளங்குது நானா."

"எதுக்கு இவ்வளவு பாடு? எங்க போப்போற?"

சொன்னேன்.

"பொண்டாட்டி டீச்சரா? அதை மொதல்ல சொல்லப்படாதா?" என்றார். வேறு ஒருவருடைய வேலையை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு என்னுடையதை லேத்தில் ஏற்றினார். கார் பிஸ்டனில் பின் செருகும் துளை என் வண்டிக்குப் பெரிது. அதற்குள் பொருந்த ஒரு பித்தளை வளையம் கடைந்து கொடுத்தார். பழைய சாமான் குவியலில் தேடி, சங்கிலி மாட்டும் முன் சக்கரம் ஒன்றும் எடுத்துத் தந்தார். என்னுடையதைவிடப் பல் குறைந்தது.

"இதப் போட்டா ஓட்டம் கொறையும். இழுவை கூடும். மலைக்கு இதுதான். பிஸ்டன் புதுசுல இறுக்கமாத்தான் ஈக்கும். பைய பைய பழக்கணும்."

பழக்குவது எனக்குத் தெரியும் என்று தலையாட்டினேன்.

வீட்டில் முன் அறைத் தரையில் கோணிச்சாக்கு விரித்து வேலையைத் தொடங்கினேன். மில் விட்டு வந்து பொழுது சாயும் வரை. ஒவ்வொரு பாகத்தையும் மண்ணெண்ணெயில் கழுவினேன். சோற்றிலும் மண்ணெண்ணெய் மணக்கிறது என்று அவள் சொன்னாள். மகள் நட்டுகளைப் பொறுக்கி வாயில் போடப் பார்த்தாள். அவளைத் தம்பி வீட்டில் விட்டோம்.

புதிய பிஸ்டன் பழையதைவிட உயரம். மேலே வந்தால் வால்வில் இடிக்குமா என்று பார்க்க வேண்டும். உள்ளே கண் போகாது. மில்லில் ஒரு வழி உண்டு. பிஸ்டன் தலையில் பிசைந்த மாவை ஒட்டி, மூடி, கையால் ஒரு சுற்றுச் சுற்றித் திறந்தால், வால்வு எவ்வளவு கிட்ட வந்தது என்று மாவில் பதிந்திருக்கும்.

"கொஞ்சம் ரொட்டி மா பிசைஞ்சு தா" என்றேன்.

"எதுக்கு?"

"எஞ்சினுக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். "கோதுமை மாவுக்கு நான் எத்தனை மணிக்குப் போய் நின்னேன்னு தெரியுமாங்க? நம்ம மரவள்ளிக் கெழங்கு திங்கிறோம், அதுக்கு ரொட்டியா?"

"மரவள்ளி மா ஒட்டாது."

முணுமுணுத்துக்கொண்டே ஒரு நெல்லிக்காய் அளவு பிசைந்து, எண்ணெய் தடவிக் கொடுத்தாள். திறந்து பார்த்தபோது வால்வு பதிந்த இடத்தில் மா தகடு மாதிரி மெலிந்திருந்தது. அவள் அதை நகத்தால் கீறிப் பார்த்து, "இது போதுமா?" என்றாள். போதாது. மூடிக்கு அடியில் வைக்கும் தகட்டைக் கொஞ்சம் தடித்ததாக வைக்க வேண்டும். ஓட்டை விழுந்த செம்புக் குடம் ஒன்று கிடந்தது. அதன் பக்கத்தை வெட்டித் தட்டி, அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டேன். செம்பு அப்படிச் செய்தால் இளகும். அளவாக வெட்டி மாட்டினேன். மறுபடியும் மா கேட்டேன். இந்தத் தடவை அவள் உடனே பிசைந்து கொடுத்தாள். இடைவெளி சரியாக இருந்தது. மாவை எடுத்துக் கோழிக்குப் போட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாம் பூட்டி முடிந்தது. மிதித்தேன். மூன்றாம் மிதியில் பிடித்தது. சத்தம் பழைய சத்தம் இல்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது. புகை இல்லை. அவள் வாசலுக்கு வந்து நின்று சிரித்தாள்.

மில்லில் எஞ்சினைப் பிரித்துப் பூட்டினால் முதல் நாள் நெல் போட மாட்டோம். காலையிலிருந்து சாயங்காலம் வரை சும்மா ஓட விடுவோம். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பிஸ்டன் அப்படித்தான் சிலிண்டரோடு பழகும். நானும் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்தி, ஓட விட்டு, பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தேன்.

அவள் துணி காயப்போட வந்தாள். "எங்கயும் போகலையா?"

"பழகுது."

"நின்ன எடத்துலயேவா?"

"மில்லுல அப்படித்தான்."

அவள் துணிக்கொடியைத் தள்ளிக் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் சூடான இரும்பு வாடை வந்தது. பழைய எண்ணெய் எரிகிறது என்று நினைத்தேன். பிறகு சத்தம் ஒரு மாதிரி இறுகியது. எழுந்து கையை நீட்டுவதற்குள் கீச்சென்று நின்றுவிட்டது.

மிதித்துப் பார்த்தேன். மிதி இறங்கவில்லை. கல் மாதிரி நின்றது.

தம்பி வேலிக்கு மேலே தலையை நீட்டினான். "ரத்தோட்டை வந்துருச்சா மச்சான்?"

யாரும் சிரிக்காததைப் பார்த்துத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். அவள் துணிக் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அது எனக்குத் திட்டு வாங்கியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஆறட்டும் என்று விட்டு, கழற்றினேன். பிஸ்டன் ஒரு பக்கம் உரசி ஈயம் பூசிய மாதிரி கிடந்தது. அதன் வெள்ளை உலோகம் சிலிண்டர் சுவரில் கோடு கோடாக ஒட்டியிருந்தது. பிஸ்டனைச் சுற்றி மாட்டும் ரிங் ஒன்று அசையவில்லை. மறுநாள் மில்லுக்குப் போகும் வழியில் நானாவிடம் கொண்டுபோனேன்.

"எந்தப் பக்கம் ஓட்டின?"

"ஓட்டல்ல நானா. வீட்டுல நிக்க வச்சுத்தான் ஓட விட்டேன். மில்லுல விடுற மாதிரி."

அவர் இரண்டு கையையும் தலையில் வைத்தார். "யா அல்லாஹ். மில் எஞ்சினுக்குப் பக்கத்துல என்ன ஈக்கி?"

"தண்ணி டாங்கி."

"இதுக்கு டாங்கி எங்க?"

நான் சிலிண்டரைப் பார்த்தேன். அதைச் சுற்றித் தகடு தகடாக இருக்கும். அழுக்குச் சேரும் இடம் என்றுதான் அவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

"இதுக்குக் காத்துதான் தண்ணி, தம்பி. ஓடினாத்தான் காத்து. நிப்பாட்டி வச்சா வெந்துரும். பழைய பிஸ்டன் லூஸா ஈந்ததால தாங்கிச்சு. புதுசு தாங்காது."

"வேற பிஸ்டன் இல்ல" என்றேன்.

"வேற சுவரும் இல்ல. இன்னும் குடைய ஏலாது, சொன்னேனே." நீளமாக மூச்சு விட்டார். விரலால் கோடுகளைத் தடவினார். "ஆழமா வெட்டல்ல. ஒட்டித்தான் ஈக்கி. நைசான எமரித் தாளும் எண்ணெயும் போட்டு கையால தேய். மெஷின்ல குடுத்தா சுவர் போயிரும். கைதான். பொறுமையாத் தேச்சா வரும். பிஸ்டனை நான் பார்த்துக் குடுக்கிறேன்."

சாயங்காலம் வாசல்படியில் உட்கார்ந்து சிலிண்டரை மடியில் வைத்துத் தேய்க்கப் பார்த்தேன். என் கை உள்ளே போகவில்லை. விரல்கள் மட்டும் போயின. விரலால் அழுத்திய இடம் மட்டும் தேயும், மற்ற இடம் தேயாது. குச்சியில் தாளைச் சுற்றிப் பார்த்தேன். அது கோணலாக இழுத்தது.

அவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த வளையல்களைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சிலிண்டரை வாங்கி, உள்ளங்கையை மடக்கி உள்ளே விட்டாள். மணிக்கட்டு வரை போனது.

"எப்படித் தேய்க்கணும்? மேலயும் கீழயுமா, வட்டமாவா?"

"குறுக்க. சாய்வா."

"பாய் பின்னுற மாதிரியா?"

"ஆமா."

அந்த வாரம் முழுவதும் பிள்ளைக்குச் சோறு ஊட்டிவிட்டு அவள்தான் தேய்த்தாள். நான் எண்ணெய் விட்டேன், தாள் மாற்றிக் கொடுத்தேன், துடைத்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் விரல் நுனியால் தடவிச் சொல்வாள். "இந்தப் பக்கம் சரி. கீழ ஒரு இடத்துல இன்னும் வழுக்காம இருக்கு." அவள் நகமெல்லாம் கறுத்துப் போனது.

தம்பி ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, நீ டீச்சரா போறியா, மெக்கானிக் பாஸா போறியா?" என்றான்.

"ரெண்டுக்கும் போறேன்டா. நீ அந்தத் துணிய எடுத்துக் குடு."

தேய்த்து முடித்ததை நானாவிடம் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "யார் தேச்சது?" என்றார். சொன்னேன். "உன் வேலையா ஈக்காதுன்னு நெனச்சேன்" என்றார். பிஸ்டனின் உரசிய பக்கத்தைத் தேய்த்து வழவழப்பாக்கி, ரிங்கை விடுவித்து வைத்திருந்தார்.

மறுபடி பூட்டினேன். இந்தத் தடவை மிதித்துப் பிடித்தவுடன் ஏறி உட்கார்ந்து போய்விட்டேன். நாவுலைப் பாதையில், சமமான இடமாகப் பார்த்து, தனியாக, மெதுவாக. மாட்டு வண்டியை முந்துவேன், லொறியெல்லாம் என்னை முந்தும். தம்பியும் ஒரு நாள் லொறியில் என்னை முந்தும்போது கையை வெளியே நீட்டி, நடந்து போகிறவர்களை ஒதுங்கச் சொல்கிற மாதிரி காட்டினான். தினமும் மில் விட்டு வந்து அதே ஓட்டம். பெற்றோல் கிடைத்த அளவுக்கு. சுமை ஏற்றுவதற்கு இன்னும் நிறையத் தூரம் ஓட வேண்டும் என்று நானா சொன்னார். நாள் இல்லை. முதலாம் தேதி வந்துவிட்டது.

மகளைத் தம்பி பெண்டாட்டியிடம் விட்டுவிட்டு இருட்டோடு புறப்பட்டோம். அவள் வெள்ளைச் சேலை உடுத்திருந்தாள். கொசுவத்தைச் சக்கரத்தில் சிக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். மறு கை என் தோளில்.

"நடுவுல நிப்பாட்டி நிப்பாட்டித்தான் போவேன்" என்றேன்.

"நிப்பாட்டுங்க. நேரத்தோடதானே போறோம்."

ரத்தோட்டை வரை நன்றாக வந்தது. ஏற்றம் தொடங்கியதும் முதல் கியருக்கு இறக்கினேன். கொஞ்ச தூரம் ஏறுவேன். வாடை வருகிறதா என்று மூக்கைத் தூக்கிப் பார்ப்பேன். ஒரு வளைவில் நிறுத்தி, காற்று வருகிற பக்கமாக எஞ்சினைத் திருப்பி வைப்பேன். பாதையோரப் பீலிக் குழாயில் தண்ணீர் கொட்டும். அதை எஞ்சினில் ஊற்றினால் சிலிண்டர் வெடித்துவிடும். நாங்கள்தான் குடித்தோம். முதல் நிறுத்தத்தில் அவள் ரொட்டியைப் பிரித்தாள். அடுத்ததில் தலையைச் சரி செய்தாள். அதற்கடுத்ததில் பெரிய வாத்தியாரிடம் பேச வேண்டியதை எனக்கு முன்னால் சொல்லிப் பார்த்தாள்.

"வணக்கம் சேர். நான் புதுசா வந்த டீச்சர். சரியா இருக்குதா?"

"நல்லாத்தான் இருக்கு."

"நீங்க சேர் மாதிரி ஏதாவது கேளுங்க."

"ஏன் லேட்டு?" என்றேன்.

அவள் என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்கள் எங்களைக் கடந்து போனார்கள். ஒருத்தி, "தள்ளணுமா அண்ணே?" என்றாள். "வேணாம், ஆறுது" என்றேன். "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான், ஏத்தத்துல உட்கார்ந்துக்குவாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர்கள் சிரிப்பு அடுத்த வளைவு வரை கேட்டது.

பள்ளிக்கூடத்துக்குக் கீழே கடைசி வளைவு ஒன்று இருக்கிறது. அதுதான் எல்லாவற்றிலும் செங்குத்து. இரண்டு பக்கமும் தேயிலை. பாதை கல்லும் மண்ணும். அதில் ஏறும்போது வண்டி ஒவ்வோர் அடியாகக் குத்திக் குத்தி ஏறியது. எஞ்சின் நின்று நின்று அடிப்பது போல இருந்தது.

"எறங்கட்டா?" என்றாள்.

"இரு."

"நின்னுரும் போல இருக்குங்க. எறங்கிக்கிறேன்."

"இரு புள்ள."

அவள் என் தோளை இறுக்கிப் பிடித்தாள். மூச்சையும் பிடித்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். பிஸ்டன் அடிக்கும் ஒவ்வோர் அடியும் என் முழங்காலில் தெரிந்தது. வாடை வரவில்லை. வளைவு முடிந்தது. பாதை நேரானது. தகரக் கூரை தெரிந்தது.

மணி இன்னும் அடிக்கவில்லை. பெரிய வாத்தியார் வாசலில் நின்று வெற்றிலை துப்பிக்கொண்டிருந்தார். அவள் வணக்கம் சொன்னாள். வழியில் சொல்லிப் பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை போலிருக்கிறது.

"எதுல வந்தீங்க டீச்சர்? இந்நேரத்துக்கு பஸ் இல்லையே."

"இவரு கொண்டாந்து விட்டாரு."

அவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "இதுலயா?" என்றார். "நாளைக்கும் வருவீங்களா?"

"வருவோம் சேர்" என்றாள்.

அவள் உள்ளே போய்க் கையெழுத்து வைத்தாள். எனக்கு மில்லுக்கு நேரமாகியிருந்தது. இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு உருண்டே வந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் போனோம். முதல் வாரம் வழியில் நிறைய நிறுத்தினேன். பிறகு குறைந்தது. பிஸ்டன் பழகியது. சில நாள் பீலிப் பக்கம் நிறுத்தாமலே போய்விட, "தண்ணி குடிக்கலாம்னு நெனச்சேன்" என்பாள். மழை நாளில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போனோம். திரும்பி வரும்போது அவள் பஸ்ஸில் வந்தாள். நான் மில் விட்டு வருவதற்குள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பாள்.

ஒரு நாள் அந்தக் கடைசி வளைவுக்கு வந்தபோது முதல் கியருக்கு இறக்கக் காலை வைத்தேன். இறக்கவில்லை. இரண்டாம் கியரிலேயே விட்டுப் பார்த்தேன். வண்டி கொஞ்சம் யோசித்தது. பிறகு இழுத்துக்கொண்டு ஏறிவிட்டது.

"என்னங்க, இன்னைக்குச் சத்தம் வேற மாதிரி கேட்டுச்சு" என்றாள், இறங்கும்போது.

"ரெண்டாம் கியர்."

"அப்படின்னா?"

"நல்லா இருக்குன்னு அர்த்தம்."

மணி அடித்தது. பிள்ளைகள் அவளைச் சுற்றி வந்துவிட்டார்கள். ஒருத்தி குடையை வாங்கிக்கொண்டாள், இன்னொருத்தி பையை. அவளுக்குத் திரும்பிப் பார்க்க நேரமில்லை. உள்ளே போய்விட்டாள். நான் வண்டியைத் திருப்பினேன்.